தேதியை மாற்றித் தரச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருவில் கிடைத்த நாட்டு நாய்க்குட்டி ஒன்று அதை எடுத்து வளர்த்தவர்களோடு ஜெர்மனிக்குப் போன கதையை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். படம் அழகு, எழுதியவர் மனதும் நல்ல மனது. ஆனால் 'தேவையான தடுப்பூசிகள், சான்றிதழ்களுக்குப் பிறகு' என்று அந்தக் கட்டுரை அரை வரியில் தாண்டிப் போன விஷயத்தோடுதான் எங்களைப் போன்றவர்கள் தினமும் மல்லுக்கட்டுகிறோம். அந்த அரை வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீளம் அதிகம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். தேதிகள் வரும் இடத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

நான் கால்நடை மருத்துவர். வேப்பேரியில் படித்தேன். அரசுப் பணியில் பெரும்பாலும் தென்மாவட்டங்களில் ஆடு மாடுகளோடு காலம் போனது. ஓய்வுபெற்ற பிறகு மடிப்பாக்கத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். சுற்றிலும் ஐ.டி. குடும்பங்கள். ஆன்சைட், மாற்றல், பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) என்று யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டே இருப்பார். முன்பெல்லாம் கிளம்பும்போது நாயைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது கூடவே அழைத்துப் போகிறார்கள். இது நல்ல மாற்றம்தான். விட்டுவிட்டுப் போன நாய் கேட்டருகில் படுத்துச் சாப்பிடாமல் கிடப்பதையும், வளர்த்த நாயை ராத்திரியில் காரில் கொண்டுபோய் வேறு ஏரியாவில் இறக்கிவிட்டு வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "மேடம், அடுத்த மாசம் ஃப்ளைட். ஊசியெல்லாம் வருஷா வருஷம் கரெக்டா போட்டிருக்கோம், புக்கைப் பாருங்க. சிப் போட்ட தேதியை மட்டும் கொஞ்சம் முன்னாடி போட்டுக் குடுத்துடுங்க." இப்படிக் கேட்பவர்கள் யாரும் திருடர்கள் கிடையாது. பெரும்பாலும் நாயைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர்கள். புத்தகத்தைப் புரட்டினால் ஊசிகளும் ஒழுங்காகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் நான் முடியாது என்றுதான் சொல்கிறேன். "ஏஜென்ட் எல்லா டாக்டரும் தருவாங்கன்னு சொன்னாரே" என்று முகம் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இன்னொருவர் தந்தும்விடுகிறார் என்று பிறகு தெரியவரும்.

ஏன் முடியாது? மைக்ரோசிப் என்பது தோலுக்கடியில் வைக்கும், ஓர் அரிசி அளவே உள்ள ஒரு பொருள். அதில் 15 இலக்க எண் ஒன்று மட்டும் இருக்கும். ஐரோப்பிய நாடுகளும் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே முறையைத்தான் வைத்திருக்கின்றன: முதலில் சிப், அதற்குப் பிறகு போட்ட ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசிதான் கணக்கு. சிப்புக்கு முன்னால் பத்து வருடம் தவறாமல் ஊசி போட்டிருந்தாலும் செல்லாது. ஊசி போட்டுக்கொண்ட நாய் இதுதான் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. ஒரு பழுப்பு நிற லாப்ரடாருக்கும் இன்னொன்றுக்கும் தடுப்பூசிப் புத்தகத்தில் என்ன வித்தியாசம்? இரண்டிலும் 'டாமி, ஆண்' என்றுதான் எழுதியிருக்கும்.

ஊசிக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை, எல்லோரும் டைட்டர் டெஸ்ட் என்று சொல்வது. ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகு ரத்தம் எடுத்து, போகிற நாடு அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மில்லிக்கு 0.5 அலகாவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்கோ பிரிட்டனுக்கோ போவதானால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். "டெஸ்ட்தான் பாஸாயிடுச்சே, அப்புறம் எதுக்கு மேடம் மூணு மாசம்?" நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்ததும் மொபைலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ரேபிஸ் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகிறது. வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அந்த இடைவெளியில் நாய் சாப்பிடும், விளையாடும், வாலாட்டும். அந்த நேரத்தில் ஊசி போட்டால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியும் ஏறும், டெஸ்ட்டும் பாஸாகும். ஆனால் ஏற்கனவே நரம்புக்குள் போய்விட்ட வைரஸை அது தடுக்காமல் போகலாம். காத்திருக்கும் அந்த மூன்று மாதமும், நோய் உள்ளே இருந்தால் இங்கேயே வெளிப்பட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான். விமானத்தில் ஏறிய பிறகு, அந்த ஊரில் ஒரு குழந்தையைக் கடித்த பிறகு வெளிப்பட்டால் என்னாகும்? தெருவில் எடுத்த குட்டிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அதன் தாய் எந்த நாயிடம் கடிபட்டது என்று யாருக்குத் தெரியும்?

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, நடந்ததையே சொல்கிறேன். 2007 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு குட்டிக்கு ரேபிஸ் என்று உறுதியானது. அது இந்தியாவிலிருந்து போன குட்டி. கொண்டுபோனவர் விவரம் தெரியாதவர் அல்ல, இங்கே ஒரு கிளினிக்கில் தன்னார்வலராக வேலை பார்த்த கால்நடை மருத்துவர். வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய், அங்கிருந்து அலாஸ்காவுக்குப் போன பிறகு நோய் தெரிந்தது. வைரஸ் இந்திய வகை. ஒரு மருத்துவரின் கண்ணுக்கே அந்தக் குட்டி நன்றாக இருப்பது போலத்தான் தெரிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு, 2008 ஏப்ரலில், இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு நாய்க்குட்டி ரேபிஸால் இறந்தது. அதிர்ஷ்டவசமாக அது அப்போது தனிமைக் காப்பகத்துக்குள், அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளைத் தனியாக வைத்துக் கண்காணிக்கும் இடத்துக்குள், இருந்தது. கடிபட்டவர்களுக்கு ஊசி போட்டதோடு போயிற்று. அது ஒரு வீட்டு ஹாலில் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

தனிமைக் காப்பகமும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. பிரிட்டன் 1902-ல் ரேபிஸை ஒழித்தது. முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களால் 1918-ல் திரும்ப வந்தது, மறுபடி ஒழிக்க 1922 ஆயிற்று. 1969-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய் ஆறு மாதம் காப்பகத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே கேம்பர்லி என்ற ஊரில் வெறிபிடித்து இரண்டு பேரைக் கடித்தது. ஆறு மாதமே போதாமல் போயிருக்கிறது. இங்கே நம்மிடம் இரண்டு மாதத்தைக் குறைத்துத் தரச் சொல்கிறார்கள்.

இனி பொய்த் தேதியால் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். 2015-ல் எகிப்திலிருந்து ஒரு தொண்டு அமைப்பின் மூலம் நாய்களும் பூனைகளும் அமெரிக்காவுக்குப் போயின. அதில் முன்காலில் முறிவோடு போன ஒரு நாய்க்கு வர்ஜீனியாவில் ரேபிஸ் வந்தது. அதனிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இருந்தது. விசாரித்தபோது அது பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தது. நுழைய விடமாட்டார்கள் என்பதற்காக, இரக்கத்தில் செய்திருக்கிறார்கள். 18 பேருக்குத் தடுப்பூசி போட நேர்ந்தது. 2021 ஜூனில் அசர்பைஜானிலிருந்து சிகாகோவுக்கு வந்த 33 நாய்களில் ஒன்றுக்கு ரேபிஸ். அதற்குள் அந்த நாய்கள் பல மாநிலங்களில் வீடு வீடாகப் பிரிந்து போய்விட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்கவே ஒரு படை தேவைப்பட்டது.

ஒவ்வொன்றுக்கும் பிறகு கதவு இன்னும் கொஞ்சம் சாத்தப்படுகிறது. 2021 ஜூலையில் அமெரிக்கா, இந்தியா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை நிறுத்தி வைத்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதி: ஆறு மாதம் நிரம்பாத குட்டி எந்த நாட்டிலிருந்தும் வரக் கூடாது. நம்மைப் போன்ற ரேபிஸ் அதிகமுள்ள நாட்டில் ஊசி போட்ட நாய், குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டும்தான் இறங்கலாம், டைட்டர் முடிவு இல்லாவிட்டால் 28 நாள் காப்பகம். கனடா 2022 செப்டம்பர் 28 முதல் விற்பனைக்கோ இனப்பெருக்கத்துக்கோ தத்துக் கொடுக்கவோ இந்த நாடுகளிலிருந்து நாய் கொண்டுவருவதையே தடை செய்துவிட்டது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சொந்த நாயோடு போகிறவருக்கு வழி இன்னும் இருக்கிறது. நம் ஊர்த் தெரு நாய்களுக்கு அங்கே வீடு தேடித் தந்துகொண்டிருந்த அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு எழுதிய பொய்த் தேதிக்கு இத்தனை நாய்கள் விலை கொடுக்கின்றன.

ஆஸ்திரேலியா பற்றித் தனியாகக் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து நேரடியாக அங்கே நாயைக் கொண்டுபோக முடியாது. அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டின் வழியாகத்தான் போக முடியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். போன பிறகும் மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமில் காப்பகத்தில் இருக்க வேண்டும். 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் தன் இரண்டு நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டுபோய் இறக்கினார். நாய்களைத் திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று அந்நாட்டு அமைச்சரே சொல்லிவிட்டார். நடிகருக்கே அந்தக் கதி. நம் வீட்டு டாமிக்குச் சலுகை கிடைக்கப்போவதில்லை.

ரேபிஸ் பெயரைச் சொன்னாலாவது கேட்கிறார்கள். உண்ணி என்றால் சிரிக்கிறார்கள். "ஒண்ணு ரெண்டு இருக்கும் மேடம், எல்லா நாய்க்கும் இருக்கறதுதானே?" ஆமாம், சென்னையில் எல்லா நாய்க்கும் இருப்பதுதான். அதனால்தான் சொல்கிறேன். நம் ஊர் பழுப்பு உண்ணி எர்லிக்கியா, பேபீசியா என்று இரண்டு மூன்று நோய்களைச் சுமந்து திரிகிறது. என்னிடம் வரும் நாய்களில் காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் என்று வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் எழுந்து ஓடும். ஆனால் எழுந்து ஓடுகிற நாயின் உடம்பில் கிருமி மிச்சமிருக்கலாம், வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல். கண்ணால் பார்த்து 'நலமாக உள்ளது' என்று எழுதும் சான்றிதழில் இது தெரியாது. ரத்தத்தில் தேடினால்தான் தெரியும்.

இந்த நாய் குளிர்நாட்டில் போய் இறங்குகிறது. நாயின் காதுமடலுக்குள் ஓர் உண்ணியும் போகிறது. இந்த வகை உண்ணி, ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் சுவர் இடுக்கில் குடும்பம் நடத்தக் கூடியது. அங்கே உள்ள மருத்துவர் எர்லிக்கியாவைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்திருப்பார். மூக்கில் ரத்தம் வந்தால் முதலில் வேறு எதையெல்லாமோ தேடுவார். அதனால் போகிறவர்களிடம் நான் விடாமல் சொல்லும் ஒன்று: அங்கே போய் ஒரு வருடம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் 'இது இந்தியாவிலிருந்து வந்த நாய்' என்று முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள்.

ஒரு நாட்டுக்குள் உண்ணி நோய் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. எர்லிக்கியா இல்லாத நாடாக இருந்தது. 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் கண்டுபிடித்தார்கள். பிறகு வடக்குப் பிரதேசம் என்று பரவிக்கொண்டே போனது. தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளில் ஏராளமான நாய்கள் நோயில் விழுந்து இறந்தன. பிரிட்டனில், வெளியிலிருந்து வரும் நாய்களுக்கு உண்ணி மருந்து கட்டாயம் என்றிருந்த விதியை 2012-ல் எடுத்துவிட்டார்கள். 2016 வாக்கில் லண்டனுக்கு வடக்கே ஹார்லோவில், வெளிநாட்டுப் பக்கமே போகாத நாய்களுக்கு பேபீசியா வந்தது. உண்ணி மருந்து விதியை நீக்கியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதி இருந்திருக்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று, அருவருப்பான விஷயம்தான், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். புழு வைத்த புண். மாட்டு டாக்டராக இருந்த எனக்கு இது பழைய சிநேகிதம். உயிருள்ள சதையைத் தின்னும் ஈயின் புழு அது. மழைக்காலத்தில் நாய்களின் காதிலும் வாலடியிலும் வைக்கும். அந்த ஈ இருக்கும் நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு, புறப்படும் முன் ஐந்து நாளுக்குள் உடம்பு முழுக்கப் பார்த்துப் புழு இல்லை என்று சான்றளிக்கச் சொல்கிறது அமெரிக்கா. நீளமான முடியுள்ள நாயை முழுக்கப் பார்ப்பதற்கு நேரமாகும். வாசலில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடக்காது.

சரி, நோயை விடுங்கள். பயணத்தையே எடுத்துக்கொள்வோம். விமானத்தின் அடிப்பகுதியில் உயிர்களை ஏற்றும் அறை குளிரூட்டப்பட்டதுதான், காற்றழுத்தமும் பயணிகளுக்கு உள்ளதுதான். ஆபத்து வானத்தில் குறைவு, தரையில் அதிகம். கார்கோ வாசலில் காத்திருப்பு, டிராலியில் வெயிலில் நிற்பது, மாற்று விமானத்துக்கு இடையில் யாரோ மறந்துவிடுவது. நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். வெப்பம் சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் நாயை ஏற்ற மாட்டோம் என்று சில அமெரிக்க விமான நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கில் மீனம்பாக்கத்தில் வருடத்தின் பெரும்பகுதி பகலில் நேரம் கிடைப்பது கஷ்டம். நான் சொல்வது: சித்திரை, வைகாசி வேண்டாம், புறப்பாடு நடுராத்திரிக்குப் பிறகு இருக்கட்டும், ஒரே விமானத்தில் போவது முடிந்தால் அதற்கு எவ்வளவு கூடுதல் ஆனாலும் கொடுங்கள்.

மூக்கு சப்பையான நாய்கள், அதாவது பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சூ, அப்புறம் பெர்சியன் பூனை, இவற்றின் கதை வேறு. மூச்சுக்குழாய் பாதி அடைபட்டே பிறக்கின்றன. சாதாரண நாளிலேயே குறட்டை விடும். பயமும் சூடும் சேர்ந்தால் தொண்டைத் தசை வீங்கி அடைத்துக்கொள்ளும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ல் வெளியிட்ட கணக்கில், ஐந்து ஆண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்த நாய்களில் ஏறத்தாழ பாதி இப்படிச் சப்பை மூக்கு இனங்கள். அதே ஆண்டுகளில் விமானத்தில் போன எல்லா நாய்களிலும் அவை பாதியாக இருந்திருக்காது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பல விமான நிறுவனங்கள் இப்போது இவற்றை ஏற்றுவதே இல்லை. 2020 ஜூனில் உக்ரைனின் கீவ் நகரிலிருந்து டொரண்டோவுக்குப் போன ஒரே விமானத்தில் சுமார் 500 பிரெஞ்சு புல்டாக் குட்டிகளை ஏற்றியிருந்தார்கள். 38 குட்டிகள் செத்துக் கிடந்தன. அது வியாபாரம், நம் வீட்டுக் கதை அல்ல என்பார்கள். மூச்சுக்குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"ஒரு தூக்க மாத்திரை குடுத்துடுங்க, பாவம் பயப்படும்." இதுவும் வாராவாரம் கேட்கும் ஒன்று. தர மாட்டேன். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூட்டைச் சமாளிக்கத் தெரியாது, வண்டி குலுங்கும்போது காலை ஊன்றி நிற்க முடியாது. மேலே போன பிறகு எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. பெரும்பாலான விமான நிறுவனங்களும் மயக்க மருந்து கொடுத்த நாயை வாங்க மாட்டார்கள்.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசும் அதிகம் ஆகாது. கூண்டை இரண்டு மாதம் முன்பே வாங்கி வந்து ஹாலில் திறந்து வையுங்கள். சாப்பாட்டை உள்ளே வையுங்கள். பழைய போர்வையைப் போடுங்கள். கதவை ஐந்து நிமிடம் சாத்துங்கள், பிறகு அரை மணி, பிறகு ஒரு ராத்திரி. நாய் தானாக உள்ளே போய்ப் படுக்க ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நின்றால் தலை இடிக்கக் கூடாது, திரும்ப முடிய வேண்டும், கால் நீட்டிப் படுக்க முடிய வேண்டும். ஏஜென்ட் எடைக் கட்டணத்தைக் குறைப்பதற்காக ஒரு அளவு சின்னதைக் காட்டினால் வாங்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துக் கட்டியாக்கிப் பொருத்தினால் ஏற்றும்போது சிந்தாது, கரையக் கரையக் குடிக்கும்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண் பூனை பயத்தில் சிறுநீரை அடக்கும், அடைத்தும் கொள்ளும். இறங்கிய பிறகு ஒரு நாளுக்கு மேல் சிறுநீர் போகவில்லை என்றால் புது ஊர், கூச்சம் என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலும் அப்படித்தான், பூனையின் கல்லீரல் பட்டினி தாங்காது. பூனையைப் பற்றிப் பேசும்போது சென்னைத் துறைமுகம் நினைவுக்கு வருகிறது. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து வந்த கண்டெய்னருக்குள் ஒரு பூனை இருந்தது. கொரோனா பயம் ஆரம்பித்த நேரம். அதைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று விலங்கு ஆர்வலர்கள் இன்னொரு பக்கம், பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. அத்தனை நாள் கடலில் பெட்டிக்குள் உயிரோடு வந்த அந்தப் பூனையின் உடம்பு எப்படி இருந்தது என்று எழுதியவர்கள் குறைவு.

திரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு இங்கே குடிவருபவர்கள் இரண்டு செல்லப்பிராணிகளைக் கூடவே கொண்டுவரலாம். மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ரேபிஸ் ஊசி போட்டு 30 நாள் ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. காகிதம் இவர்களுக்குச் சுலபம், நாய்க்குத்தான் கஷ்டம். சிகாகோவில் பனியில் உருண்ட ஹஸ்கி மே மாதம் சென்னையில் இறங்குகிறது. வெயிலைக்கூட ஏ.சி. வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். உண்ணியைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம் ஊர் நாய் குட்டியிலிருந்தே உண்ணியோடு பழகியது. அங்கே வளர்ந்த நாய் பேபீசியாவைப் பார்த்ததே இல்லை. வந்து சில வாரத்தில் ஈறு வெளுத்து, காபி நிறத்தில் சிறுநீர் போய், ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விமானம் ஏறும் முன்பே உண்ணி மாத்திரையை ஆரம்பித்திருந்தால் போதும். இதை அந்த நாட்டு மருத்துவர் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு நம் ஊரைத் தெரியாது.

வயதான நாயை என்ன செய்வது என்று கேட்டால் நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. பன்னிரண்டு வயது லாப்ரடார், இதயம் பெரிதாகியிருக்கிறது, சிறுநீரகமும் சுமார். அது இங்கேயே இருக்கட்டும். தாத்தா பாட்டி, பழகிய தெரு, பழகிய டாக்டர். பிரிவு உங்களுக்குத்தான் அதிகம் வலிக்கும். இளம் நாயை, ஆரோக்கியமாக இருந்தால், அவசியம் அழைத்துப் போங்கள். விட்டுப் போகச் சொல்லும் கட்சி இல்லை நான்.

என் சக மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் போடும் கையெழுத்தைப் பார்த்துத்தான் அடுத்த மேசையில் முத்திரை குத்துகிறார்கள். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் சிப்பும் கட்டாயம் என்று கொண்டுவந்திருக்கும் இந்த நேரம் நல்ல வாய்ப்பு. அடுத்த ரேபிஸ் ஊசி போடும் முன் சிப்பை வைத்துவிட்டு, எண்ணையும் தேதியையும் புத்தகத்தில் ஊசிக்கு மேலே எழுதுங்கள். வெளிநாடு போகும் எண்ணமே இல்லாத நாய்க்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுப் பையனுக்கு விசா வரலாம்.

அடுத்த மாதம் ஃப்ளைட் என்று வருபவர்களை நான் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. இன்று சிப், இன்றே ஊசி, ஒரு மாதம் கழித்து ரத்தம், ஐரோப்பா என்றால் அதற்குப் பிறகு மூன்று மாதம், அமெரிக்கா என்றால் ரத்தம் எடுத்து 28 நாள் என்று ஒரு தாளில் தேதி போட்டுக் கொடுக்கிறேன். நீங்கள் முதலில் போய் வீடு பாருங்கள், வேலையில் சேருங்கள். நாய் அதுவரை அம்மா வீட்டில் இருக்கட்டும். ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் ஒரு கூடுதல் விதி இருக்கிறது: நீங்களும் நாயும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்தால்தான் அது சொந்த நாய், இல்லாவிட்டால் வியாபாரக் கணக்கில் போய் வேறு விதிகள் வரும். அதனால் தனியாகப் பார்சல் போல அனுப்பச் சொல்லாதீர்கள். தை மாதம் எப்படியும் பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள், வெயிலும் குறைவாக இருக்கும், அப்போது கூடவே அழைத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
மடிப்பாக்கம், சென்னை.

(பெயரை வெளியிட வேண்டாம். என்னிடம் வருபவர்கள் தங்களைத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.)